மங்கிப்போன அலுமினியச் சக்கரங்கள்: காஸ்ட் அலாய், டிரம் ஹப் இரண்டையும் மீட்பது எப்படி?

#1 நாகைக்காற்று

வணக்கம். இரண்டு சக்கரங்களுக்கு வழி கேட்கிறேன்.

முதலாவது, 2009 மாடல் 180 சிசி வண்டியின் 17 அங்குல காஸ்ட் அலாய் (அச்சில் வார்த்த அலுமினியக் கலவை) சக்கரம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், டியூப்லெஸ் டயர். சில்வர் நிறம் சில இடங்களில் உரிந்திருக்கிறது. உரியாத இடத்தில் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கோடுகள். ரிம் ஓரத்தில் நகம் வைத்துச் சுரண்டினால் வெள்ளைப் பொடி வருகிறது.

இரண்டாவது, டிரம் பிரேக் புல்லட்டின் முன் சக்கரம். ரிம் குரோம், அதில் குறையில்லை. அலுமினிய ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) அதை மூடும் பிரேக் பிளேட்டும் சிமெண்ட் நிறத்துக்குப் போய்விட்டன.

வாட்டர் சர்வீஸ் கடையில் ‘அலாய் கிளீனர்’ என்று ஏதோ அடித்தார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. பத்து நாளில் ஹப் முழுக்கத் திட்டுத்திட்டாக வெள்ளை பூத்துவிட்டது. வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், போர் தண்ணீரும் உப்பு. எங்கே தொடங்குவது?

#2 பழைய பட்டறை

தம்பி, கடைக்குப் போய் எதையும் வாங்கறதுக்கு முன்னாடி சக்கரத்து மேல என்ன இருக்குன்னு கண்டுபிடிங்க. அலுமினியம் மங்கிப்போச்சுன்னு கொண்டுவர்ற சக்கரத்துல பாதிக்கு மேல, மங்கினது அலுமினியம் இல்ல, அது மேல இருக்கிற பூச்சு. அது தெரியாம பாலிஷ் போட ஆரம்பிச்சா கை வலிதான் மிச்சம்.

துணிச் சோதனை: நல்லா கழுவிக் காயவெச்சு, வெள்ளைத் துணியில ஒரு துவரம்பருப்பு அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து ஒரே இடத்துல இருபது தடவை தேய்ங்க. துணி கறுத்தா அது வெறும் அலுமினியம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல, தேஞ்சு வர்ற அலுமினியத்தூள்தான். துணி கறுக்கலேன்னா மேல ஒரு படலம் இருக்கு. துணியில வெள்ளி மினுக்கு ஒட்டினா சில்வர் பெயிண்ட் தேயுது, அதோட நிறுத்திக்கோங்க.

தின்னர் சோதனை: பஞ்சுல என்சி தின்னர் நனைச்சு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பிசுபிசுன்னு இளகினா சாதாரண லேக்கர். ஒண்ணும் ஆகலேன்னா டூ-கே பெயிண்ட் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது), பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்புல சுடறது), அனோடைஸ் (அலுமினியத்து மேலயே வளர்த்த கெட்டி ஆக்ஸைடு) மூணுல ஒண்ணு.

மல்டிமீட்டர் சோதனை: பீப் சத்தம் வர்ற நிலையில வெச்சு ரெண்டு முனையையும் லேசா அழுத்துங்க. வெறும் அலுமினியம்னா பீப் வரும். பெயிண்டோ அனோடைஸோ இருந்தா வராது, ரெண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது.

உங்க ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே வைத்தியம் ஆகாதுன்னு இப்பவே சொல்லிடறேன். மூணு சோதனையும் பண்ணிட்டு எழுதுங்க.

#3 உலோகம் படித்தவன்

ஏன் மங்குகிறது என்று தெரிந்தால் எதைத் தொடக்கூடாது என்பது தானாகப் புரியும்.

அலுமினியம் காற்றுபட்ட உடனே தன் மேல் ஆக்ஸைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. அதுதான் உலோகத்துக்குக் கவசம். தண்ணீரின் பிஎச் ஏறக்குறைய 4 முதல் 8.5 வரை இருக்கும்போது இந்தக் கவசம் நிற்கும். அதற்குக் கீழே அமிலமும் கரைக்கும், மேலே காரமும் கரைக்கும். இரும்பு காரத்துக்கு அசையாது, அலுமினியம் இரண்டுக்குமே கரையும். இரும்புக்குப் பழகிய கை அலுமினியத்தில் தப்புச் செய்வது இங்கேதான்.

அலுமினியப் பாத்திரத்தைச் சோடா கலந்த சலவைத்தூளில் ஊறவைத்தால் கறுப்பதும், புளி போட்டுத் தேய்த்தால் வெளுப்பதும் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். சக்கரத்திலும் அதே கதைதான்.

கடலோரத்தில் கூடுதல் எதிரி உப்பு. குளோரைடு அயனி படலத்தின் பலவீனமான புள்ளியைத் துளைத்து ஊசிமுனைக் குழி போடும். குழிக்குள் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போவதால் அது ஆழமாகத்தான் வளரும். வெளியே தெரியும் வெள்ளைப் பொடி அலுமினியம் ஹைட்ராக்ஸைடு. பிரேக் பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் பறக்கும் இரும்புத்தூள் சக்கரத்தில் ஒட்டி, ஈரத்தில் அலுமினியத்தோடு சேர்ந்து குட்டி பேட்டரியாக வேலை செய்யும். அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

நீங்கள் சொன்ன புழுத்தடம் பூச்சுக்கு அடியில் ஓடும் அரிப்பு. கல் பட்டோ டயர் லீவர் பட்டோ கீறல் விழுந்த இடத்தில் தொடங்கி, படலத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஊர்ந்துபோகும். பூச்சுக்கு மேல் எந்த பாலிஷ் போட்டாலும் அது நிற்காது. பூச்சை எடுத்தே ஆகவேண்டும்.

#4 வேலூர் ஸ்போக்ஸ்

அந்த ‘அலாய் கிளீனர்’ பற்றி ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து எல்லாரும் படிங்க.

ஆசிட் வகை அலாய் பிரைட்னர் பலதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். ஆக்ஸைடை நொடியில் கரைப்பதால் முதலில் பளிச்சென்று தெரியும். உண்மையில் மேற்பரப்பு பொறித்ததுபோல் சொரசொரப்பாகி, மறுநாளிலிருந்து முன்பைவிட வேகமாக அழுக்கும் ஈரமும் பிடிக்கும். சரியாகக் கழுவாமல் விட்டால் வெள்ளைத் திட்டு நிச்சயம்.

அதைவிட முக்கியம் உடம்பு. நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி வரும், அதற்குள் உள்ளே இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துவிடும். பட்ட உடனே ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் எது பட்டது என்று பெயரைச் சொல்லணும். இதற்குக் கால்சியம் குளுகோனேட் ஜெல் தடவுவார்கள். லேபிள் இல்லாத கேனில் வரும் எந்தக் கிளீனரையும் வண்டிக்கு அடிக்க விடாதீங்க.

கழிவறை கழுவும் திரவமும் வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக். அமிலம், குளோரைடு இரண்டும் ஒரே பாட்டிலில் இருக்கு.

#5 ஆர்எக்ஸ் குமரன்

புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்த்தால் ஹப் நல்லா வெளுக்கும். செலவும் இல்லை. அதற்கு ஏன் இத்தனை கெமிஸ்ட்ரி? அடுப்பு கிளீனர் ஸ்பிரேயும் நன்றாக வேலை செய்யுது.

#6 உலோகம் படித்தவன்

குமரன், புளி சரி, உப்பு தப்பு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மென்மையானது, மேலோட்டமான ஆக்ஸைடை எடுக்கும். கூட உப்பு போட்டால், எந்தக் குளோரைடைத் துரத்தப் பார்க்கிறோமோ அதையே கையால் தேய்த்து உள்ளே ஏற்றுகிறோம். பாத்திரத்தைத் தினமும் கழுவுவோம், அதனால் அங்கே தெரியாது. ஹப் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

புளிக்குப் பதில் அளவு தெரிந்த ஒன்று: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட். பிரஷால் பூசிப் பத்து நிமிடம், காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருங்கள். நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டரில் 15 கிராம் சமையல் சோடா கரைத்து ஒரு முறை ஊற்றி, உடனே நிறைய நல்ல தண்ணீர். சோடாத் தண்ணீரையும் நிற்கவிடக் கூடாது. ஹப்பில் ஸ்போக்ஸ் இருக்கும்போது இதைத் துணியில் தொட்டு ஹப்பில் மட்டும் பூசுங்கள், துத்தநாகம் பூசிய ஸ்போக்ஸை எந்த அமிலமும் தின்னும்.

அடுப்பு கிளீனரில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. காஸ்ட் அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம், சக்கரங்களுக்கு வழக்கமான ஏ356 கலவையில் சுமார் 7 சதவீதம். காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிட்டு சிலிக்கானை விட்டுவிடும். கரி பூசியதுபோல் கறுத்துப்போவது அதனால்தான். அதற்கு மேல் ஹைட்ரஜன் வேறு கிளம்பும்.

காஸ்டிக்குக்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு: ஸ்போக் வண்டிக்கான அனோடைஸ் செய்த அலுமினிய ரிம்மில் அந்தப் படலத்தை எடுப்பது. அனோடைஸ் என்பதே கெட்டியான அலுமினிய ஆக்ஸைடு, பாலிஷ் அதைத் தொடாது. ரிம்மைத் தனியாகக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் கரைசலில் இரண்டு மூன்று நிமிடம், வெளிக்காற்றில். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போடணும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம்.

#7 நாகைக்காற்று

சோதனை முடிந்தது. அலாய்: துணி கறுக்கவில்லை, தின்னருக்கு அசையவில்லை, பீப் இல்லை, உரிந்த இடத்தில் மட்டும் பீப். ஹப், பிரேக் பிளேட்: நாலே தேய்ப்பில் துணி கரியாகிவிட்டது, பீப் வருகிறது.

#8 பழைய பட்டறை

அப்ப தெளிவாயிடுச்சு. ஹப் வெறும் அலுமினியம், தேய்ச்சு மெருகேத்தலாம். அலாய்ல பவுடர் கோட்டிங்கோ டூ-கேயோ இருக்கு, அதை உரிச்சு மறுபடி பூசணும். ஹப்பை முதல்ல முடிங்க, கைப்பழக்கம் வரும்.

பிரேக் பிளேட்டைக் கழற்றி ஷூ, ஸ்பிரிங், கேம் எல்லாத்தையும் பிரிங்க. ஷூ தூசியை ஏர் பிடிச்சு ஊதாதீங்க, பழைய ஷூவுல கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால துடைச்சு எடுங்க. ஹப்புக்குள்ள இருக்கிற இரும்பு டிரம் பரப்பை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்க, பேரிங் வாயையும் மூடுங்க. பாலிஷும் எமரித்தூளும் பேரிங்ல போனா மூணு மாசத்துல சத்தம் கேட்கும்.

எண்ணெய் அழுக்குக்கு மண்ணெண்ணெய், பிரஷ். பிறகு பாத்திரம் கழுவுற சோப்பு நீர். பெட்ரோல் வேண்டாம்.

இரும்புக் கம்பி பிரஷ், இரும்புப் பஞ்சு ரெண்டையும் பக்கத்துல கொண்டுவராதீங்க. உடைஞ்ச இரும்புத் துகள் மென்மையான அலுமினியத்துல குத்தி நிக்கும், மழை பட்டதும் செம்புள்ளியா துரு காட்டும். நைலான் பிரஷ், பித்தளை பிரஷ், சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் போதும்.

இனி எமரி. குழி இருந்தா 240ல ஆரம்பிச்சு 320, 400னு போங்க, இல்லேன்னா நேரா 400. அப்புறம் 600, 800, 1000, 1500. எல்லாம் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணி தொட்டுத் தொட்டு. சோப்பு இல்லேன்னா அலுமினியத்தூள் தாள்ல அப்பி, அந்தக் கட்டியே புதுக் கீறல் போடும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்துங்க: 400 மேலும் கீழுமா போனா 600 குறுக்கே போகணும். பழைய கோடு ஒண்ணுகூட தெரியாதபோதுதான் அடுத்த நம்பர். சந்தேகமா இருந்தா மார்க்கர் பேனாவால கட்டம் போட்டுத் தேய்ங்க. மை எங்க ஒட்டியிருக்கோ அங்க தாள் இன்னும் படலைன்னு அர்த்தம். நம்பர் மாத்தும்போது வாளித் தண்ணியையும் மாத்துங்க. 400ன் ஒரே ஒரு மணல் 1000ல கலந்தா ஒரு நீளக் கோடு விழும், அதை எடுக்க நீங்க மறுபடி 600க்குப் போகணும்.

ஸ்போக்ஸ் இடுக்குல விரல் போகாது. துணி முதுகு உள்ள எமரி ரோலை ஒரு அங்குல அகலத்துக்குக் கிழிச்சு, ஹப்பைச் சுத்திப் போட்டு ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சு மாறி மாறி இழுங்க. பாலிஷ் போடும்போது எமரிக்குப் பதில் பாவாடை நாடா. பருத்தி நாடாவா இருக்கணும், நைலான் நாடா சூடாகி வழுக்கும்.

#9 பஃபிங் மேடை

பழைய பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே சரி. பஃபிங் பகுதியை, அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் (பஃப்) மெருகேற்றுவதை மட்டும் சேர்க்கிறேன்.

பிரேக் பிளேட் மாதிரி தனியாக வரும் பாகத்தை மெஷினில் போடலாம். 6 அங்குல பஃப், 2800 ஆர்பிஎம்: விளிம்பு வேகம் நொடிக்கு 22 மீட்டர் வரும், அலுமினியத்துக்குப் போதும். முதலில் தையல் போட்ட கெட்டிப் பருத்தி பஃப், பழுப்பு சோப் (கழுவும் சோப் இல்லை, மெருகேற்றும் கட்டி). அடுத்து தையல் இல்லாத தளர்வான பஃப், வெள்ளை சோப். ஒரு பஃபுக்கு ஒரு சோப்தான், மாற்றிப் போடக்கூடாது. சோப்பைச் சுற்றும் பஃபில் ஒரு நொடி தொட்டால் போதும். அதிகம் போனால் கருங்கோடாகப் பாகத்தில் அப்பும், அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

பாகத்தைப் பஃபின் மையத்துக்குக் கீழே பிடிக்கணும். கூர்விளிம்பு சுழற்சிக்கு எதிராக நிற்கக்கூடாது, பஃப் கவ்வினால் பிளேட் கையிலிருந்து பறக்கும். தளர்ந்த சட்டை, கைக்கயிறு, துணிக் கையுறை கூடாது. ஒரே இடத்தில் நின்று அழுத்தினால் சூட்டில் அலுமினியம் இழுபட்டு அலை அலையாகத் தெரியும்.

இரும்பு அரைக்கிற கிரைண்டர் கல்லில் அலுமினியத்தைக் காட்டவே கூடாது. கல்லின் துளைகளில் அலுமினியம் அடைத்துக்கொண்டு சூடேறிக் கல் வெடிக்கலாம். அலுமினியத்தூள் குவிந்த இடத்தில் இரும்புப் பொறி பறந்தால் தீப்பிடிக்கும். தினமும் கூட்டி அள்ளிவிடுங்கள்.

கடைசியில் மெட்டல் பாலிஷ், கையால். தொடக்கத்தில் துணி பிடித்து இழுக்கும், கறுப்புக் குழம்பாக இருக்கும். நிறுத்தாமல் தேய்த்தால் ஒரு கட்டத்தில் இழுப்பு விட்டுத் துணி தானாக வழுக்கும். அங்கே நிறுத்திப் புதுத் துணியால் துடைக்கணும். குழம்பு காயவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் சோள மாவு தூவித் துடைத்தால் போய்விடும். செய்தித்தாளை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பிளேட்டில் தலைப்பு எழுத்து தலைகீழாக விளிம்பு கலங்காமல் தெரிந்தால் வேலை முடிந்தது. எழுத்து தெரிந்தும் பால் ஊற்றியதுபோல் ஒரு மூட்டம் இருந்தால் 1000க்கும் 1500க்கும் நடுவில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

#10 ஆர்எக்ஸ் குமரன்

உப்பு விஷயத்தைத் திருத்திக்கொள்கிறேன், நன்றி. இன்னொரு கேள்வி: அலாய் சக்கரத்தையும் இதேபோல் உரித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினால் என்ன? பார்க்க அழகாக இருக்குமே.

#11 உலோகம் படித்தவன்

அழகாக இருக்கும். ஆனால் காஸ்ட் சக்கரத்துக்கு, அதுவும் கடலோரத்தில், நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். காரணம் மூன்று.

வார்ப்பின் மேல்தோல்தான் அடர்த்தியானது. அரை மி.மீ. உள்ளே போனால் வார்க்கும்போது சிக்கிய வாயுவின் ஊசித்துளைகள் திறக்கும். தேய்க்கத் தேய்க்கப் புதுப்புள்ளி முளைத்துக்கொண்டே இருக்கும், அதைத் துரத்தினால் கனம்தான் குறையும். டியூப்லெஸ் சக்கரத்தில் அந்தத் துளைகளை இதுவரை மூடியிருந்தது பூச்சுதான் என்பதால் காற்றுக் கசிவும் வரலாம்.

இரண்டாவது, மெருகேற்றிய பரப்பில் கிளியர் கோட் பிடிக்காது. பூச்சுக்கு ஊன்றிக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். சொரசொரப்பு கொடுத்தால் கண்ணாடி மெருகு போய்விடும். பளபளப்பின் மேல் கிளியர் அடித்த சக்கரங்களில் ஒரு கல் பட்ட இடத்திலிருந்து அதே புழுத்தடம் மறுபடி ஊரும்.

மூன்றாவது, பூச்சே இல்லாமல் விட்டால் நாகப்பட்டினத்துக் காற்றில் வாரம் ஒருமுறை துடைக்கணும். ஹப் கைக்கு அடங்கும் பாகம், பரவாயில்லை. இரண்டு அலாய் சக்கரத்தின் அத்தனை ஆரத்துக்கும் அது நடக்காது.

#12 வேலூர் ஸ்போக்ஸ்

அலாயை உரிப்பது, பூசுவது இரண்டும் இங்கே.

டயரைக் கழற்றும் முன் சுழற்சி அம்பையும் வால்வுக்கு நேரான இடத்தையும் டயரில் சாக்பீஸால் குறிச்சுக்குங்க. ஸ்பேசர் எது இடம் எது வலம் என்று போட்டோ எடுங்க. டிஸ்க், பேரிங், பின் சக்கரத்து டேம்பர் ரப்பர், வால்வு எல்லாம் வெளியே.

பேரிங் இறங்க மறுத்தால் சுத்தியலை ஓங்காதீங்க. ஹப்பை ஹாட் ஏர் கன்னாலோ கொதிநீராலோ 100 டிகிரிக்குக் கொண்டுபோங்க. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தானாகத் தளரும். நேரடித் தீ வேண்டாம்.

பெயிண்ட் ரிமூவர் ஜெல்: இரண்டு சக்கரத்துக்கு ஒரு லிட்டர். வாங்கும்போது காஸ்டிக் இல்லாததா என்று லேபிளில் பாருங்க. 2 மி.மீ. கனத்துக்கு ஒரே பக்கமாக இழுத்துப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி 20 நிமிடம். பூச்சு அப்பளம் மாதிரி சுருண்டு எழும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ வழிச்சு எடுங்க. பவுடர் கோட்டிங்கா இருந்தா இரண்டு மூன்று சுற்று ஆகும். திறந்தவெளியில்தான் செய்யணும். மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிடத்தில் இளகிவிடும், இரட்டையாகப் போட்டு அடிக்கடி மாத்துங்க.

உரிச்ச பிறகு எமரி எடுக்காதீங்க, முதலில் விரிசல் தேடுங்க. ஆரம் ரிம்மோடு சேரும் மூலை, வால்வு ஓட்டை, பள்ளத்தில் அடிவாங்கிய ஓரம். டை பெனிட்ரன்ட் மூன்று கேன் செட் கிடைக்கும். சிவப்பு திரவம் அடித்து 15 நிமிடம் விட்டு, கிளீனர் தொட்ட துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடிக்கணும். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பும். வெறும் புள்ளிகள் ஊசித்துளை, கோடு என்றால் சக்கரம் குப்பைக்கு. வெல்ட் வைத்து ஓட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், வெல்ட் சூடு பட்ட இடத்தில் சக்கரத்தின் பதம் போய்விடும். ரிம் ஆட்டத்தையும் இப்பவே பாருங்க. பல சர்வீஸ் மேனுவல்களில் மேல்கீழ், பக்கவாட்டு இரண்டுக்கும் 2 மி.மீ.தான் எல்லை.

பிறகு 320 எமரியால் முழுக்கச் சொரசொரப்பாக்கி, குழிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடியைப் பித்தளை பிரஷால் எடுங்க. ஒரு துளி வெள்ளை மிச்சம் இருந்தாலும் பெயிண்ட்டுக்கு அடியில் அது வளரும். மணல் பிளாஸ்டிங் வேண்டாம், கரடாகிவிடும், அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. கண்ணாடி மணி பிளாஸ்டிங் கிடைத்தால் நல்லது.

தேய்த்த நாலு மணி நேரத்துக்குள் எட்ச் பிரைமர் (வெறும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) ஒரே ஒரு மெல்லிய கை, அதாவது ஒரே பூச்சு. உலோகம் லேசாகத் தெரியலாம், தப்பில்லை. கனமாக அடித்தால்தான் உரியும். அதன் மேல் டூ-கே பிரைமர், 600 தண்ணித் தேய்ப்பு, சில்வர் பேஸ் இரண்டு கை, டூ-கே கிளியர் இரண்டு கை, கைக்குக் கை 15 நிமிடம். டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கு, கைக்குட்டை கட்டினால் போதாது, ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும். ஏழு நாள் ஆறவிட்டு டயர் ஏத்துங்க.

#13 பஃபிங் மேடை

பவுடர் கோட்டிங் ஏன் சொல்லவில்லை? கல்லடிக்கு டூ-கேவைவிட அது நன்றாகத் தாங்குமே.

#14 உலோகம் படித்தவன்

தாங்கும். ஆனால் செய்பவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கணும்.

பழைய பூச்சை எப்படி எடுப்பீர்கள்? அடுப்பில் எரித்து எடுப்போம் என்றால் சக்கரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஏ356 சக்கரங்களுக்கு வலு கொடுப்பது டி6 பதம். சுமார் 540 டிகிரியில் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 150 முதல் 170 டிகிரி வாக்கில் முதிர வைப்பது. 400 டிகிரி அடுப்பு அந்தப் பதத்தை அழித்துவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது, முதல் பள்ளத்தில் ரிம் மடங்கும்.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? வழக்கம் 180 முதல் 200 டிகிரி, 10 முதல் 20 நிமிடம். ஒரு தடவைக்குப் பாதிப்பு சொற்பம். நிறம் பிடிக்கவில்லை என்று நாலு தடவை சுட்டால் நேரமெல்லாம் கூடிக்கொண்டே போகும்.

எதை மூடுவீர்கள்? டிஸ்க் உட்காரும் முகம், பேரிங் இருக்கை, ஸ்பேசர் தொடும் முகம், போல்ட் மரை. பவுடர் 60 முதல் 80 மைக்ரான் கனம் வரும். டிஸ்க் முகத்தில் அது ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கினால் லீவரில் துடிப்பு தெரியும். போல்ட் தலைக்கு அடியில் பவுடர் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி இறுக்கம் தளரும். பெயிண்ட்டுக்கும் இதே விதிதான்.

வார்ப்பில் சிக்கிய வாயு சூட்டில் வெளியேறிப் பவுடரில் கொப்புளம் போடும். பவுடர் தூவும் முன் வெறும் சக்கரத்தை ஒருமுறை சூடேற்றி வாயுவை வெளியேற்றுபவரா என்றும் கேளுங்கள்.

#15 நாகைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. அலாயை உரித்து டூ-கே அடிக்கிறேன், ஹப்பைப் பளபளப்பாக விடுகிறேன். பராமரிப்புக்கும், டியூப்லெஸ் ரிம்மில் டயர் உட்காரும் இடத்துக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். அங்கேயும் வெள்ளை பூத்திருக்கிறது, வாரம் 6 பிஎஸ்ஐ இறங்குகிறது.

#16 பழைய பட்டறை

அந்தக் காத்து இறங்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வெள்ளைதான் தம்பி. டயர் பீடு (ரிம்மைக் கவ்வுற டயர் விளிம்பு) உட்கார்ற பட்டையில அரிப்பு மேடு தட்டினா ரப்பர் சரியா படியாது. அங்க எமரி போட்டு ஆழமா அறுக்காதீங்க, அளவு போச்சுன்னா பீடு கவ்வாது. சாம்பல் ஸ்காட்ச்பிரைட்டை சோப்புத் தண்ணியில நனைச்சு வட்டத்தோட போக்குலயே சுத்தித் தேய்ங்க, குறுக்க தேய்ச்சா அந்தக் கோடே காத்து போற வழியாயிடும். நகம் ஓட்டிப் பார்த்தா தடுக்கக்கூடாது. அந்தப் பட்டையில பிரைமரும் ஒரு மெல்லிய கையும் போதும், கனமா அடிச்சா டயர் ஏத்தும்போது செதிலா பேந்து வரும். சின்னக் குழி மிச்சமிருந்தா பீடு சீலர் தடவலாம். வால்வு புதுசு போடுங்க, ஓட்டை விளிம்பையும் அதே மாதிரி வழவழப்பாக்குங்க.

ஹப்புக்குப் பாலிஷ் முடிஞ்ச அன்னைக்கே மெழுகு போடுங்க. கார்னூபா மெழுகு நல்ல மினுக்கு கொடுக்கும், ஆனா 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேல போனா உருகும். பிரேக் ஹப் மலைப்பாதையில சூடாகும், அதனால சிந்தெடிக் பாலிமர் சீலன்ட் தேவலை. பட்டாணி அளவு எடுத்து மெல்லிசா ரெண்டு தடவை. உங்க ஊர்ல மாசம் ஒருதரம். டிஸ்க் மேலயும் டிரம் உள்ளயும் ஒரு துளிகூட படக்கூடாது. பட்டா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.

கழுவறதுக்கு சலவைத்தூள் வேண்டாம், ஷாம்பு போதும். போர் தண்ணியில கழுவினாலும் கடைசியா ஒரு சக்கரத்துக்கு ரெண்டு லிட்டர் குடிதண்ணி ஊத்தி, உடனே துணியால ஒத்தி எடுங்க. வெயில்ல தானா காயவிட்டா தண்ணி போயிடும், உப்பு அங்கயே தங்கிடும். பிரஷர் வாஷர் மூக்கைப் பேரிங் பக்கம் காட்டாதீங்க.

டயர் ஏத்தினதும் வண்டி ஆறியிருக்கும்போது காத்து அளந்து எழுதி வைங்க. ஒரு வாரம் கழிச்சு அதே நேரத்துல மறுபடி அளங்க. 2 பிஎஸ்ஐக்கு மேல இறங்கியிருந்தா சோப்புத் தண்ணியை முதல்ல வால்வு அடியில விட்டுப் பாருங்க, அப்புறம் பீடு ஓரம், கடைசியா ரிம்மோட நடுப்பட்டை. நடுப்பட்டையில குமிழி வந்தா ஊசித்துளை. டயரை மறுபடி இறக்கி, உள்பக்கத்துல அந்த இடத்தை மட்டும் 320 போட்டுத் தேய்ச்சு ரெண்டு கை எபாக்ஸி பூசுங்க.